பழகின ரோடு என்ற நம்பிக்கை: இரவிலும் மழையிலும் பனியிலும் வண்டி ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம ரோடு தானுங்க, கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிருவேன்." தாராபுரத்திலும் இதைக் கேட்கலாம், கோபியிலும் கேட்கலாம். தினமும் போய்வரும் ரோட்டில் வளைவும் பள்ளமும் மனப்பாடம் ஆகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாயங்காலம் வரை அங்கே இல்லாத ஒன்று ராத்திரி அங்கே இருக்கும். டயர் வெடித்து நிற்கும் லாரி, காற்றுக்கு முறிந்து விழுந்த வேப்பங்கிளை, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எருமை. இவை எதுவும் நம் மனப்பாடத்தில் இல்லை. ரோடு பழகியது என்பதற்காக வேகத்தைக் கூட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கணக்கைப் பாருங்கள். டிம் லைட்டில் பெரும்பாலான கார்களுக்கு 40 முதல் 60 மீட்டர் வரைதான் ரோடு தெளிவாகத் தெரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். ரோடு நனைந்திருந்தால் 80 மீட்டரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டர், நிற்கத் தேவை 80 மீட்டர் என்றால் எவ்வளவு நல்ல டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஈர ரோட்டிலும் 40 மீட்டர் அளவில் நிறுத்திவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துக் கரும்பு டிராக்டர்கள்தான் காரணம். வெட்டுக் காலத்தில் ஆப்பக்கூடல், சத்தியமங்கலம் பக்கம் ராத்திரி போனவர்களுக்குத் தெரியும். டிரெய்லருக்கு வெளியே ஒரு முழத்துக்கு மேல் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் விளக்கு இருந்தாலும் தோகை அதை மூடியிருக்கும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சேறு அப்பியிருக்கும். காய்ந்த தோகையின் நிறமும் இருட்டு ரோட்டின் நிறமும் ஒன்றாகக் கலந்து தெரியும். அது 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, நீங்கள் 80-ல் வருகிறீர்கள். 40 மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படுகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்று மேல். வைக்கோல் லோடும் தென்னை மட்டை லோடும் இதே கதைதான். டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: லோடு ஏற்றி முடித்ததும் பின்னால் போய் நின்று, விளக்கு தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையை நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புக் கட்டிலேயே கட்டிவிடலாம். செலவு பெரிதில்லை, ஒரு உயிர் மிஞ்சும்.

எதிரே கண் கூசும்போது

எதிரில் வருபவர் டிம் அடிக்கவில்லை என்றதும் கோபத்தில் நாமும் ஹை பீம் போடுகிறோம். அப்போது அந்த ரோட்டில் கண் தெரியாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். ஒரு தடவை டிம் அடித்துக் காட்டுங்கள், கேட்கவில்லையா, வேகத்தைக் குறைத்துவிட்டுப் பார்வையை ரோட்டின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த லைட் கடந்து போன பிறகும் கண் பழைய நிலைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும்; அவர்கள் கண் பாப்பா இருட்டில் முன்போல் விரியாது. வீட்டில் அப்பாவோ மாமாவோ "ராத்திரி ஓட்டக் கஷ்டமா இருக்குது" என்றால் அதை வயசுப் பேச்சு என்று தள்ளாமல், கண்புரை இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள்.

பலர் தொடாத ஒரு திருகு ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும், 0 முதல் 3 வரை எண் போட்டு. ஹெட்லைட் உயரத்தைச் சரிசெய்வது அது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று பழனிக்குக் கிளம்பும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கி, லைட் மேலே தூக்கிவிடும். டிம்மில் போனாலும் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி இரவில் கேடு. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது 1989 மோட்டார் வாகன விதி. பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் கறுப்பு வைசரையும் கீறல் விழுந்த வைசரையும் மாற்றிவிடுங்கள். திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகளுக்கு இது மிக அவசியம்.

மலையில் மஞ்சு, வாய்க்காலில் பனி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே நல்ல வெயில் இருக்கும், கவர்க்கல் பக்கம் போனால் பகலிலேயே பானெட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. அங்கே ஹை பீம் போட்டால், பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைத் திரையாக நிற்கும். டிம் லைட்டும், இருந்தால் கீழே பொருத்திய ஃபாக் லைட்டும் போதும்.

முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஒட்டிக்கொண்டே போவது இன்னொரு தவறு. அவர் பள்ளத்தில் இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு, வளைவுக்கு முன் ஹாரன் அடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். ஹசார்ட் லைட் என்பது நின்றுபோன வண்டிக்கு. அதைப் போட்டுக்கொண்டு போனால், நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்கிறீர்களா நகர்கிறீர்களா என்பதும் தெரியாது.

சமவெளியிலும் பனி உண்டு. மார்கழி, தை மாத விடிகாலையில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்து நெல்வயல்களை ஒட்டிய தாழ்ந்த இடங்களில் மூட்டம் படுத்துக் கிடக்கும். மேட்டில் ரோடு தெளிவாக இருந்ததை நம்பி அதே வேகத்தில் வாய்க்கால் பாலத்துக்கு இறங்காதீர்கள்.

திம்பம் மலைப்பாதையில் ஆபத்தே வேறு. யானையின் உடம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. லைட் அடித்தாலும் வெறும் இருட்டாகத்தான் நிற்கும். மலை அடிவாரத்துப் பண்ணாரிச் சோதனைச்சாவடியில் வண்டிகளை இரவில் நிறுத்துகிறார்கள் என்றால் அது யானைக்கும் நமக்கும் நல்லது. குறுக்கு வழி தேடாதீர்கள்.

மழை

ஐப்பசி மழை வரும்போதுதான் வைப்பர் நினைவுக்கு வருகிறது. அதற்குள் சித்திரை வெயிலில் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும், துடைக்கத் துடைக்கக் கோடு கோடாக இழுக்கும். மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். உள்பக்கக் கண்ணாடி வியர்த்தால் கையால் துடைக்காமல், ஏசியைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிப்பக்கம் வியர்த்தால் ஏசியின் குளிர் அதிகம் என்று அர்த்தம். குளிரைக் குறைத்து வைப்பரை ஓட்டினால் போய்விடும்.

பகல் மழைதானே என்று லைட் போடாமல் போவது பெருந்தவறு. அந்த லைட் நீங்கள் பார்க்க என்பதைவிட மற்றவர்கள் உங்களைப் பார்க்க. முதல் மழை ரோட்டில் படிந்த எண்ணெயையும் தூசியையும் கிளப்பி வழுக்கும். டயர் பட்டன், அதாவது டயர் மேலுள்ள வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் தேங்கிய தண்ணீர்மேல் வண்டி மிதக்கும், ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. கோவையில் லங்கா கார்னர் போன்ற ரயில் பாலங்களின் அடியிலும், நொய்யல் தரைப்பாலங்களிலும் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். ராத்திரியில் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தை யாருக்காகவும், எந்த அவசரத்துக்காகவும் கடக்க வேண்டாம்.

நடந்து போகிறவர்கள்

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனி போகும் ரோடுகளில் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். களைப்பில் ஓரத்திலேயே துண்டை விரித்துப் படுப்பவர்களும் உண்டு. அந்த நாட்களில் உடுமலை, தாராபுரம் வழியில் 40-க்கு மேல் போகாதீர்கள். மண் ஓரத்தில் இறக்கி முந்தாதீர்கள். நடக்கிறவர்கள் ரோட்டின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கட்டும். பையின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கட்டும், வரிசையில் கடைசி ஆள் கையில் டார்ச் இருக்கட்டும்.

வண்டி நின்றுபோனால் முடிந்தவரை தார் ரோட்டை விட்டு இறக்குங்கள். ஹசார்ட் லைட்டைப் போடுங்கள், அதற்கான நேரம் இதுதான். முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். கல்லையும் மரக்கிளையையும் வைத்தால், எடுக்க மறந்து அடுத்தவருக்கு எமனாகிவிடும். வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம், வண்டிக்குப் பின்னால் நிற்கவும் வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டை விட்டு விலகி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைத்து, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள்.