போர்டோ கலவை: சுண்ணாம்பில்தான் தவறு நடக்கிறது

1882 இலையுதிர்காலத்தில், பிரான்சின் மெடோக் பகுதியில் அடிச்சாம்பல் நோய் திராட்சைக் கொடிகளை மொட்டையாக்கியிருந்தது. சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை தப்பியிருந்ததைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, அந்தக் கொடிகளில் மயில் துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். நோயைப் பற்றி யாரும் நினைக்கவேயில்லை. 1885-ல் அவர் அந்தக் கலவையை நோய்த்தடுப்பு மருந்தாக வெளியிட்டார்; அதுதான் போர்டோ கலவை.

இன்றும் பலர் துத்தத்தைக் கணக்காக நிறுத்துவிட்டுச் சுண்ணாம்பைக் கண்ணளவில் போடுகிறார்கள். துத்தத்தை மட்டும் தெளித்தால் இலை கருகும். செம்பை எளிதில் கரையாத வடிவத்துக்கு மாற்றி, இலையில் ஒட்டவைத்து, ஈரம் படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடச் செய்வது சுண்ணாம்புதான்.

ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே 50 லிட்டரில் கரையுங்கள். காற்றுப்பட்டுப் பழசாகிப்போன சுண்ணாம்பு வேண்டாம். அது பாதி கார்பனேட் ஆகியிருக்கும், எடை மட்டும் சரியாகக் காட்டும். துத்தக் கட்டியை டிரம்மின் அடியில் போட்டுவிட்டுக் கிளறிக்கொண்டிருக்காமல், துணியில் கட்டி நீர்மட்டத்தை ஒட்டித் தொங்கவிடுங்கள். கனமான கரைசல் தானே கீழே இறங்கிவிடும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் துகள் பருமனாகிச் சீக்கிரம் படிந்துவிடும். இரும்பு வாளி, தகர டிரம் கூடாது. செம்பு கரைசலை விட்டு இரும்பின் மேல் போய்ப் படியும். இதே குணம் ஒரு சோதனைக்கும் உதவும்: தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை ஒரு நிமிடம் கலவையில் முக்குங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கலந்ததை அன்றே தெளித்துவிடுங்கள்.

இது வந்த நோயைக் குணப்படுத்தும் மருந்தும் அல்ல. இலையில் விழும் நோய்க்கிருமியின் வித்து முளைக்குமுன் மருந்து அங்கே இருக்க வேண்டும். இயற்கை விவசாயத்திலும் அனுமதி உண்டே என்று அள்ளித் தெளிப்பது இன்னொரு தவறு. செம்பு மண்ணில் மக்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ செம்பு என வரம்பு வைத்திருக்கிறது.

மருத்துவத்தில் துத்தம் ஒருகாலத்தில் வாந்தி மருந்து. விஷம் குடித்தவருக்கே அதைக் கொடுத்தார்கள். அந்தப் பழைய குறிப்பை யாரும் எடுத்தாள வேண்டாம்: வயிற்றில் செம்பைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை; அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். யாராவது துத்தத்தை விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உடம்புக்குள் போகாத ஒரு பயன்பாடு மட்டும் நிலைத்தது. இரத்ததான முகாமில் விரல்நுனி இரத்தத்தை ஒரு சொட்டு விடுவார்களே, அந்த நீலத் திரவம் 1.053 ஒப்படர்த்தியுள்ள (தண்ணீரைவிட 1.053 மடங்கு அடர்த்தியான) துத்தக் கரைசல். சொட்டு மூழ்கினால் ஹீமோகுளோபின் 100 மி.லி. இரத்தத்துக்கு 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று கொள்வார்கள். இங்கேயும் ஒரு கவனம் தேவை. பாட்டிலை மூடாமல் வைத்தால் நீர் ஆவியாகி அடர்த்தி ஏறும். போதிய இரத்தம் உள்ளவரின் சொட்டும் மிதக்கும், அவரும் திருப்பி அனுப்பப்படுவார்.