இந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுவது? ஜிடிபியில் ஸ்டாக் டிரேஸ்களைத் தானாகச் சேகரிக்கும் வழி

புரோகிராம் கிராஷ் ஆனால் ஸ்டாக் டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல்) எடுப்பது சுலபம். பிழை தேடும் கருவியான (டீபக்கர்) ஜிடிபி, புரோகிராம் விழுந்த இடத்திலேயே நிற்கும், "பேக்டிரேஸ்" என்று தட்டினால் முடிந்தது. கிராஷ் ஆகாமல், ஆனால் தப்பாக ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்தான் நம்மை வதைக்கும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வர் புரோகிராமில், கனெக்ஷனை மூடும் ஃபங்ஷன் தேவைக்கு மேல் கூப்பிடப்பட்டது. அதைக் கூப்பிடும் இடங்கள் கோட் முழுக்கச் சிதறிக் கிடந்தன. பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்தும் இடக்குறி) போட்டு ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் பார்த்தால், நிற்கிற நேரத்தில் எதிர்முனை டைம்அவுட் ஆகிவிடுகிறது, பிழையின் போக்கே மாறிவிடுகிறது. அதனால் ஆள் உட்கார்ந்து தட்டாமல், ஒவ்வொரு அழைப்பிலும் ஸ்டாக் டிரேஸை ஃபைலில் எழுதிவிட்டு உடனே ஓட்டத்தைத் தொடரும்படி ஜிடிபியை அமைத்தேன். அதன் செய்முறைதான் இது. லினக்ஸும், சி அல்லது சி பிளஸ் பிளஸ் கோடும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கமாண்டுகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள், "-ஓ0", "-ஓ2" இரண்டிலும் உள்ள ஓ-வும் சிக்னல் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில்.

முதலில் கம்பைல்

"-ஜி" ஆப்ஷன் கட்டாயம். அது இல்லாவிட்டால் டிரேஸில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வராது. கூடவே "-ஓ0" போட்டு ஆப்டிமைசேஷனை நிறுத்திவிடுங்கள். ஆப்டிமைசேஷனை நிறுத்தியதும் பிழையே காணாமல் போனால் "-ஓ2"-வுக்குத் திரும்பத்தான் வேண்டும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக இன்னொன்றைக் கூப்பிட்டால், "-ஓ2"-வில் கம்பைலர் அந்த அழைப்பை வெறும் தாவலாக மாற்றிவிடலாம். கூப்பிட்டவரின் ஃபிரேம் (ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கான பதிவு) ஸ்டாக்கில் இருக்காது. நாம் தேடுவதே கூப்பிட்டவரைத்தான், அவர் பெயரே பட்டியலில் வராது! "-எஃப்நோ-ஆப்டிமைஸ்-சிப்ளிங்-கால்ஸ்" சேர்த்தால் இது நடக்காது.

ஸ்கிரிப்ட் ஃபைல்

கீழே உள்ளதை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். என் ஃபைல் பெயர் "கலெக்ட்.ஜிடிபி".

செட் பேஜினேஷன் ஆஃப்
செட் பிரேக்பாயின்ட் பெண்டிங் ஆன்
செட் பிரின்ட் ஃபிரேம்-ஆர்கியுமென்ட்ஸ் நன்
செட் லாகிங் ஃபைல் டிரேஸ்.டிஎக்ஸ்டி
செட் லாகிங் ஓவர்ரைட் ஆன்
செட் லாகிங் எனேபிள்டு ஆன்
பிரேக் குளோஸ்_கனெக்ஷன்
கமாண்ட்ஸ்
சைலன்ட்
பேக்டிரேஸ் 6
கன்டினியூ
எண்ட்
ரன்
பேக்டிரேஸ்

லாகிங் வரிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஃபைல் பெயர், ஓவர்ரைட் எல்லாம் முடிவான பிறகுதான் லாகிங்கை ஆன் செய்ய வேண்டும். "எனேபிள்டு ஆன்" என்பது ஜிடிபி 12 முதல் வந்த வடிவம். அதற்கு முந்தைய வெர்ஷன் என்றால் வெறும் "செட் லாகிங் ஆன்". ஷேர்டு லைப்ரரிக்குள் இருக்கும் ஃபங்ஷனுக்கு பிரேக்பாயின்ட் போடும்போது, லைப்ரரி இன்னும் லோட் ஆகவில்லையே என்று ஜிடிபி கேள்வி கேட்காமலிருக்க "பெண்டிங் ஆன்".

அப்புறம் ஓட்டுவது:

ஜிடிபி -பேட்ச் -எக்ஸ் கலெக்ட்.ஜிடிபி --ஆர்க்ஸ் ./சர்வர்

கடைசி "பேக்டிரேஸ்" வரி, வழியில் கிராஷ் ஆனால் அந்த டிரேஸையும் பிடித்துக்கொள்ள. புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் ஸ்டாக் இல்லை என்று ஒரு வரி வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

"கமாண்ட்ஸ்" முதல் "எண்ட்" வரை

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "கமாண்ட்ஸ்" என்று எண் கொடுக்காமல் எழுதினால், அது கடைசியாகப் போட்ட பிரேக்பாயின்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே "பிரேக்" வரிக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும். இரண்டு ஃபங்ஷன்களைக் கண்காணிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனியாக இந்தத் தொகுதியை எழுதுங்கள். "சைலன்ட்" முதல் வரியாக இருந்தால்தான் வேலை செய்யும். பிரேக்பாயின்ட் எட்டியதும் வரும் வழக்கமான அறிவிப்பை அது அடக்கிவிடும். ஃபைலில் டிரேஸ் மட்டும் சுத்தமாக விழும்.

"கன்டினியூ" கடைசியில்தான் வர வேண்டும். புரோகிராமை மறுபடி ஓடவைக்கும் எந்தக் கமாண்டும் வந்த உடனே, அதற்குக் கீழே உள்ள வரிகளை ஜிடிபி கண்டுகொள்ளாது. எரர் எதுவும் காட்டாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். "ஃபினிஷ்", "நெக்ஸ்ட்", "ஸ்டெப்" எல்லாவற்றுக்கும் இதே விதி. ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பும் வேண்டுமே என்று "பேக்டிரேஸ்"-க்கு முன்னால் "ஃபினிஷ்" போட்டால், டிரேஸும் வராது, ஓட்டமும் தொடராது. மதிப்பு வேண்டுமென்றால், ரிட்டர்ன் நடக்கும் வரி எண்ணில் இன்னொரு பிரேக்பாயின்ட் போட்டு, அங்கே "பிரின்ட்" செய்யுங்கள்.

இன்னொரு தடை பேஜினேஷன். திரை நிறைந்ததும் ஜிடிபி "மேலும் பார்க்க என்டர் தட்டு" என்ற பொருளில் ஒரு வரி காட்டிக் காத்திருக்கும். நீங்கள் எழுந்து போயிருந்தால் புரோகிராமும் அங்கேயே நின்றுபோகும். "-பேட்ச்" கொடுத்தால் ஜிடிபி இதைத் தானாகவே அணைத்துவிடுகிறது. ஆனால் இதே ஸ்கிரிப்டை ஜிடிபிக்குள் இருந்து "சோர்ஸ்" கமாண்டில் கூப்பிடுகிறவர்களுக்கு முதல் வரி அவசியம்.

டிரேஸைப் படிப்பது

ஃபிரேம் 0 என்பது இப்போது ஓடும் ஃபங்ஷன். ஃபிரேம் 1 அதைக் கூப்பிட்டது. அப்படியே மேலே மேலே போய், முழு டிரேஸ் என்றால் கடைசியில் "மெயின்" வரும். "பேக்டிரேஸ் 6" உள்பக்கத்து ஆறு ஃபிரேம்களைத் தரும். "பேக்டிரேஸ் -6" என்றால் வெளிப்பக்கத்து ஆறு. ஃபங்ஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி வந்தால், அந்தப் பகுதிக்கு டீபக் சிம்பல் இல்லை, அல்லது ஸ்டாக்கே கெட்டுப்போயிருக்கிறது. கேள்விக்குறிகள் உங்கள் சொந்தக் கோடிலேயே வந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

ஃபைல் சீக்கிரமே பெருத்துவிடும், கண்ணால் படித்து மாளாது. எந்த இடம் எத்தனை தடவை கூப்பிட்டது என்று எண்ண வைத்துவிடலாம்:

க்ரெப் '^#1 ' டிரேஸ்.டிஎக்ஸ்டி | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என்

1-க்குப் பிறகுள்ள இடைவெளியை விட்டுவிடாதீர்கள். ஆழமான டிரேஸ் எடுத்திருந்தால் 10, 11 எல்லாம் சேர்ந்துவிடும். ஸ்கிரிப்டில் "ஃபிரேம்-ஆர்கியுமென்ட்ஸ் நன்" போட்டதும் இதற்காகத்தான். ஆர்கியுமென்ட் மதிப்புகள் வரியில் இருந்தால், ஒரே இடத்திலிருந்து வரும் அழைப்புகள்கூட வேறுவேறு வரிகளாகத் தெரியும், எண்ணிக்கை சிதறிப்போகும். என் விஷயத்தில் பட்டியலின் முதல் வரியே பதில் சொல்லிவிட்டது: எரர் கையாளும் பகுதி மூடிய கனெக்ஷனை, டைமரும் வந்து மூடிக்கொண்டிருந்தது.

ஐடிஇ-யின் டீபக் ஜன்னல் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு நான் டெர்மினல் ஜிடிபியைத்தான் சிபாரிசு செய்வேன். கையில் டெக்ஸ்ட் ஃபைல் இருந்தால் எண்ணலாம், நேற்றைய ஓட்டத்தோடு ஒப்பிடலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். மேக் கணினியில் இருப்பவர்கள் எல்எல்டிபி என்ற டீபக்கரின் "பிரேக்பாயின்ட் கமாண்ட் ஆட்" கொண்டு இதையே செய்யலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"டிரேஸ்.டிஎக்ஸ்டி காலியாகவே இருக்கிறது." விசாரித்ததில் அவருடைய புரோகிராம் "ஃபோர்க்" செய்து (தன்னைப் போலவே இன்னொரு புராசஸை உருவாக்கி), அந்தச் சைல்டு புராசஸில் வேலை பார்க்கிறது. ஜிடிபி இயல்பாக பேரன்ட்டைத்தான் பின்தொடரும். ஸ்கிரிப்டின் மேலே "செட் ஃபாலோ-ஃபோர்க்-மோட் சைல்டு" என்று சேருங்கள்.

"பாதியில் நின்றுவிடுகிறது." சிக்னல்தான் காரணம். புரோகிராம் தன் சொந்த உபயோகத்துக்கு அனுப்பும் சிக்னல்களிலும் ஜிடிபி நிற்கும். "ஹேண்டில் சிக்யூஎஸ்ஆர்1 நோஸ்டாப் நோபிரின்ட் பாஸ்" என்பது போல, எந்தச் சிக்னலோ அதன் பெயரைப் போட்டு எழுதுங்கள். கடைசியில் உள்ள "பாஸ்"-ஐ விட்டுவிடாதீர்கள். சிக்னல் புரோகிராமுக்குப் போய்ச் சேர்வதை உறுதி செய்வது அதுதான்.

"ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது." ஆமாம், இருக்கும். ஒவ்வொரு தடவையும் புரோகிராம் நின்று, ஜிடிபி ஸ்டாக்கைப் படித்து, மறுபடி ஓடவைக்கிறது. "பிரேக் குளோஸ்_கனெக்ஷன் இஃப் எஃப்டி == 7" என்று நிபந்தனை போட்டால் ஃபைல் சிறுக்கும், வேகம் பெரிதாகக் கூடாது; நிபந்தனையைப் பார்ப்பதற்கும் புரோகிராம் நின்றாக வேண்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்கு லினக்ஸின் பெர்ஃப் கருவியில் உள்ள "பெர்ஃப் ப்ரோப்" பக்கம் போங்கள், அது வைக்கும் குறியில் கெர்னல் வழியாகவே டிரேஸ்களைச் சேகரிக்கலாம். பெர்ஃப் இயல்பாக ஃபிரேம் பாயின்டரை (முந்தைய ஃபிரேம் எங்கே என்று காட்டும் முகவரி) வைத்தே ஸ்டாக்கைப் படிப்பதால், உங்கள் கோடை "-எஃப்நோ-ஒமிட்-ஃபிரேம்-பாயின்டர்" போட்டுக் கம்பைல் செய்திருக்க வேண்டும். சிஸ்டம் லைப்ரரிகளைப் பொறுத்தவரை, ஃபெடோரா 38-இலிருந்தும் உபுன்டு 24.04-இலிருந்தும் பேக்கேஜ்கள் ஃபிரேம் பாயின்டரோடுதான் வருகின்றன.