முன்தொடைக்கு டேப் ஒட்டும்போது முனையை இழுக்காதீர்கள்

முன்தொடையில் கினிசியோ டேப் (விளையாட்டு வீரர்கள் தசைமேல் ஒட்டிக்கொள்ளும், இழுபடும் பசை நாடா) ஒட்டிக்கொண்டு 400 மீட்டர் ஓடினேன். இரண்டாவது வளைவில் கீழ்முனை கழன்று காலில் படபடவென்று அடித்தது. மறுநாள் பார்த்தால், மேல்முனை ஒட்டியிருந்த இடத்தில் நீர்க்கொப்புளம். இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: முனைகளையும் சேர்த்து இழுத்து ஒட்டியிருந்தேன்.

5 செ.மீ. அகலமுள்ள பருத்தி டேப் வாங்குங்கள். வெட்டி வைத்து விற்கும் துண்டுகளைவிட முழுச்சுருளே நல்லது. தொடை நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தோலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து ஒட்டிவிடுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் நிற்காது.

முட்டியை மடக்கி அளவெடுங்கள். தொடையிடுக்குக்கு நான்கு விரல் கீழே தொடங்கி, முட்டிச் சில்லைத் தாண்டியுள்ள எலும்பு மேடு வரை வேண்டும். சில்லைச் சுற்றும் பகுதியை மட்டும் நடுவில் கீறி இரண்டு வாலாக்குங்கள். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலை கால்சட்டையில் உரசியே கிளம்பிவிடும்.

மேல்முனையில் நான்கு விரல் அகலத்தைச் சற்றும் இழுக்காமல் வையுங்கள். பிறகு மேசை விளிம்பில் மல்லாந்து படுத்து, காலைத் தொங்கவிட்டு முட்டியை மடக்குங்கள். இனி நடுப்பகுதியை மட்டும் லேசாக இழுத்து ஒட்ட வேண்டும். 'லேசாக' என்றால் எவ்வளவு என்பதில்தான் நான் தவறினேன். ஒரு துண்டில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அது 12.5 செ.மீ. ஆகும்வரை இழுத்துப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். வால்களைச் சில்லின் இருபுறமும் கொண்டுபோய், கடைசி நான்கு விரலை மீண்டும் இழுக்காமல் படியவிடுங்கள். இழுத்த முனை பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். பசை வலுவாக இருந்தால் தோல் கொப்பளிக்கும், இல்லாவிட்டால் டேப் உரியும். கடைசியில் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குங்கள். சூட்டில்தான் பசை பிடிக்கும்.

இழுத்து ஒட்டினால் தொடைக்கு வலு கூடும் என்று நம்பியே அப்படிச் செய்தேன். 1970களில் ஜப்பானியர் கென்ஸோ காஸே உருவாக்கிய இந்த டேப், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில் தெரிந்த பிறகு உலகெங்கும் பரவியது. ஆனால் 2015இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், இதைப் பற்றி முன்பின் அறியாத 30 பேருக்கு, தசையை அளக்கும் உணரி (சென்சார்) ஒட்டுகிறோம் என்று சொல்லியே டேப் ஒட்டினார்கள். முன்தொடை வலிமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே நேரத்தைக் குறைக்க இதை வாங்காதீர்கள். தசை கிழிந்த வலியோடு, டேப்பை நம்பி ஓடவே ஓடாதீர்கள். தசைக்கு இதமாக இருக்கிறது என்பதால் மட்டுமே நான் இன்றும் ஒட்டுகிறேன்.

பின்சேர்க்கை: மேலிருந்து ஒட்டினால் தசையைத் தூண்டுமா, கீழிருந்து ஒட்டினால் தளர்த்துமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படித்தான் கற்றுத்தருகிறார்கள், ஆனால் வலிமையை அளந்து பார்த்தபோது திசையால் வேறுபாடு தெரியவில்லை. கழற்றும்போது தோல் உரிந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு டேப்பை மேலே தூக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, முடி வளர்ந்த திசையிலேயே மெல்ல உருட்டி எடுங்கள்.