பெர்மாங்கனேட் தரம்பார்த்தல்: முதல்முறை செய்பவர்களுக்கு

தரம்பார்த்தல் என்றால், செறிவு தெரிந்த கரைசலோடு அளந்து வினைபுரியவிட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது. ஆக்சிஜனேற்ற ஒடுக்கத் தரம்பார்த்தலை, அதாவது எலக்ட்ரான் கைமாறும் வகையை, பழக மோர் உப்பும் (பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்) பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் நல்ல தொடக்கம். வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டி தனியாகத் தேவையில்லை. ஊதா நிறப் பெர்மாங்கனேட், அமிலத்தில் பெர்ரஸ் (இரும்பு II) அயனியோடு சேர்ந்ததும் நிறம் போய்விடும். பெர்ரஸ் தீர்ந்த பிறகு விழும் துளி மட்டும் நிறத்தோடு நிற்கும். அதுதான் முடிவுநிலை.

நாம் கண்டுபிடிக்கப்போவது ஒரு பெர்ரஸ் சல்பேட் கரைசலின் செறிவு. பெர்மாங்கனேட்டை எடைபோட்டுக் கரைத்து, அந்தச் செறிவை அப்படியே நம்ப முடியாது. அதில் மாங்கனீசு டைஆக்சைடு கொஞ்சம் கலந்திருக்கும். நீரிலுள்ள கரிமப் பொருளோடும் அது வினைபுரியும். வெளிச்சம் பட்டால் சிதையும். அதனால் முதலில் மோர் உப்பால் அதன் செறிவை அறிந்துகொண்டு, அப்புறம் பெர்ரஸ் சல்பேட்டுக்குப் போகிறோம்.

படி 1: திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்)

9.8 கிராம் மோர் உப்பைத் துல்லியமாக எடைபோட்டு, நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்த வாலை வடிநீரில் கரைத்து, 250 மி.லி. குடுவையில் குறிவரை நிரப்புங்கள். இது 0.1 நார்மல், அதாவது லிட்டருக்கு 0.1 சமான எடை. சமான எடை என்பது ஒரு மோல் எலக்ட்ரானைக் கொடுக்கும் அல்லது ஏற்கும் அளவின் கிராம் எடை. அன்றே பயன்படுத்திவிடுங்கள், காற்றுப் பட்டால் பெர்ரஸ் மெல்ல பெர்ரிக் (இரும்பு III) ஆகும்.

படி 2: பியூரெட்

கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டை (அளவுக்கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய்) எடுங்கள். ரப்பர்க் குழாயைப் பெர்மாங்கனேட் அரிக்கும். பெர்மாங்கனேட் கரைசலால் ஒருமுறை அலசி, அதையே நிரப்பி, நுனியில் காற்றுக்குமிழி இல்லாமல் பாருங்கள். புனலை எடுத்துவிடுங்கள். நிறம் அடர்த்தியாக இருப்பதால் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பையே கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும்.

படி 3: தரம்பார்த்தல்

மோர் உப்புக் கரைசல் 20 மி.லி.யைப் பிப்பெட்டால் (குறித்த அளவை உறிஞ்சி மாற்றும் குழாய்) கூம்புக் குடுவைக்கு மாற்றுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், ரப்பர் பல்பு போதும். ஏறக்குறைய அதே அளவு நீர்த்த சல்பியூரிக் அமிலத்தையும் ஊற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. அமிலம் குறைந்தால் பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடு படியும், அந்த அளவீடு வீண். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தால் அதன் குளோரைடையே பெர்மாங்கனேட் குளோரினாக்கும்; நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி.

குடுவையின் கீழே வெள்ளைத் தாளோ ஓடோ இருக்கட்டும். இடது கை திருகில், வலது கை குடுவையைச் சுழற்றியபடி. முதலில் வேகமாக விடலாம். விழுந்த இடத்தில் ஊதா நிறம் தங்கிக் கலையத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு துளித்துளியாக. பக்கச் சுவரில் ஒட்டியதை வாலை வடிநீரால் கழுவி உள்ளே தள்ளுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். குடுவை பளிச்சென்ற ஊதாவாகிவிட்டால் முடிவுநிலையைத் தாண்டிவிட்டீர்கள். அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்று செய்யுங்கள். நேரம் கழித்து நிறம் மங்கினால் மறுபடி துளி விட வேண்டாம்.

ஒத்த மதிப்புகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். மோர் உப்புக்குப் பதில் ஆக்சாலிக் அமிலம் என்றால் 60 முதல் 70 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். அங்கே முதல் துளியின் நிறம் போகவே தாமதமாகும், அதைக் கண்டு முடிவுநிலை வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மாங்கனீசு அயனி உருவான பிறகு அதுவே வினையை விரைவாக்கும்.

படி 4: கணக்கு

20 மி.லி. மோர் உப்புக்கு 20.4 மி.லி. பெர்மாங்கனேட் செலவானது என்று வைப்போம். முடிவுநிலையில் இரு கரைசல்களுக்கும் கன அளவு × நார்மல் சமம். அதனால் பெர்மாங்கனேட்டின் செறிவு 20 × 0.1 ÷ 20.4 = 0.0980 நார்மல். இதே முறையில் 20 மி.லி. பெர்ரஸ் சல்பேட்டுக்கு 18.6 மி.லி. ஆனால், 18.6 × 0.0980 ÷ 20 = 0.0911 நார்மல். படிக நீரோடு சேர்ந்த பெர்ரஸ் சல்பேட்டின் சமான எடை 278. பெருக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 25.3 கிராம்.

முடிந்ததும் பியூரெட்டை உடனே கழுவுங்கள். பழுப்புக் கறை பிடித்திருந்தால், அமிலம் கலந்த மோர் உப்புக் கரைசலை ஊற்றி வைத்தால் கரைந்துவிடும்.