அட்வென்ட் ஆராதனையில் எல்லா இயல்பினருக்கும் இடம் தருவது எப்படி?

ஒரே சபையில் மௌனமாக அமர்ந்து ஜெபிக்க ஏங்குகிறவர் இருப்பார். வாய்விட்டுப் பாடினால்தான் ஆராதித்த நிறைவு பெறுகிறவரும் இருப்பார். வேதத்தை வரிவரியாக ஆராய்கிறவர், எளியவருக்கு உதவாத பக்தி எதற்கு என்று கேட்கிறவர், ஆராதனை ஒழுங்கு மாறினால் மனம் வாடுகிறவர் என்று இன்னும் பலர். காத்திருப்பும் கொண்டாட்டமும் ஒரே மாதத்தில் மோதுவதால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அட்வென்ட் என்னும் வருகைக் காலத்தில் இவர்களுக்குள் உரசல் அதிகம்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஆகவே இந்தக் காலம் 22 முதல் 28 நாள் வரை நீளும். டிசம்பர் 24 ஞாயிறாக இருந்தால், காலையில் நான்காம் ஞாயிறு, மாலையிலேயே கிறிஸ்துமஸ் ஆராதனை. அந்த ஆண்டில் நான்காம் வாரத்துக்கென்று எதையும் ஒதுக்காதீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கிட்டால் யாருக்கும் நிறையாது. ஒரு வாரம் ஓர் இயல்பை முன்னே வையுங்கள். முதல் ஞாயிறு மௌனத்துக்கு. யோவான் ஸ்நானகனைப் பற்றி வாசிக்கும் இரண்டாம் ஞாயிறு சேவைக்கு: லூக்கா 3:11 சொல்கிறபடி, இரண்டு அங்கி உள்ளவர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கட்டும். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் இளஞ்சிவப்பை ஏற்றும் மூன்றாம் ஞாயிறு பாட்டுக்கு. நான்காம் ஞாயிறு வேத ஆராய்ச்சிக்கு. லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியாவும் மரியாளும் தூதனிடம் கேட்ட கேள்விகளை அருகருகே வைத்துப் படியுங்கள். ஒழுங்கை நேசிக்கிறவர்களுக்காக, மெழுகுவர்த்தி ஏற்றும் இடமும் அதற்கான ஜெபமும் நான்கு வாரமும் மாறவே கூடாது.

பெரும்பாலும் தவறிப்போவது மௌனம்தான். “சற்று அமைதியாக இருப்போம்” என்று சொல்லிவிட்டு, 20 விநாடியில் போதகரே பேசத் தொடங்கிவிடுவார். மனம் அடங்குவதற்குள் மௌனம் முடிந்துவிடும். எவ்வளவு நேரம் என்று முன்பே அறிவியுங்கள்: முதல் வாரம் ஒரு நிமிடம், அடுத்த வாரங்களில் இரண்டு, பிறகு மூன்று. சொல்லாமல் விட்டால், யாரோ தன் பகுதியை மறந்துவிட்டார் என்று சபையார் நெளிவார்கள். ஆர்கன் வாசிப்பவரிடம் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டாம் என்று தனியே சொல்லுங்கள். ஒருவர் கடிகாரம் பார்த்துச் சிறு மணி அடித்து முடிக்கட்டும். குழந்தை அழுதால் தாயைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதையும் அன்போடு சொல்லிவையுங்கள்.

பாடுகிறவர்களுக்கு இது பாரமாகலாம். அவர்களை “ஆழமில்லாதவர்கள்” என்று எண்ணுவது பெரிய அநீதி. மரியாள் பாடினாள், பின்பு அதே மரியாள் நடந்தவற்றை இருதயத்திலே வைத்துச் சிந்தித்தாள். இரண்டும் ஒரே நற்செய்தியில்தான் இருக்கின்றன.

துக்கத்தில் இருப்பவர்களை மறக்காதீர்கள். எந்த இயல்பினராக இருந்தாலும், அந்த ஆண்டில் ஒருவரை இழந்தவருக்கு, மகிழ்ச்சியைப் பாடும் மூன்றாம் ஞாயிறு கடினம். அதே வாரத்தில் ஒரு மாலை 30 நிமிட ஜெபக் கூடுகை வையுங்கள்: ஒரு சங்கீதம், பெயர் சொல்லி ஒரு ஜெபம், நீண்ட மௌனம். பிரசங்கம் வேண்டாம்.

“கிறிஸ்துமஸ் பாட்டு எப்போது?” என்ற கேள்வி நிச்சயம் வரும். முதல் இரண்டு வாரம் வருகைப் பாடல்கள் மட்டும், மூன்றாம் ஞாயிறு முதல் ஆராதனை முடிவில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு என்று நவம்பரிலேயே பாடகர் குழுவோடு பேசி அறிவித்துவிடுங்கள். டிசம்பரில் அறிவித்தால் அது தங்கள் மேல் போட்ட தடையாகவே அவர்களுக்குப் படும்.