கடலில் கால் நனைக்கும் முன் இருபது நிமிடம்

மே மாதம் பிறந்ததும் தென்காசியில் இருக்கும் என் நாத்தனார் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பையை இறக்கி வைப்பதற்குள் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அத்தை, கடலுக்கு எப்போ போறோம்?" நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். அதனால் பிள்ளைகளுக்கு என் பதில் எப்போதும் இதுதான்: போகலாம், ஆனால் போனதும் இருபது நிமிடம் மணலில் உட்கார வேண்டும். தண்ணீர் அதற்கப்புறம்தான்.

இந்த இருபது நிமிடம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கோடையில் எங்கள் கரைக்கு வரும் பெரிய ஆபத்துக்குக் கள்ளக்கடல் என்று பெயர். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது. விஞ்ஞானிகளும் இப்போது அதையே சொல்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அடிக்கும்போது எழும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நாலைந்து நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். புயல் நடந்த இடம் வேறு, அலை வந்து அடிக்கும் இடம் வேறு. ஆகவே வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கும் வழக்கம் இதில் பலிக்காது.

அந்த அலைகள் ஒரே சீராகவும் வராது. கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை அடித்த பிறகு பத்து நிமிடம் கடல் குளம் மாதிரி கிடக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான். "எவ்வளவு அமைதியா இருக்கு" என்று முட்டளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுப்பார்கள். அடுத்த கூட்டம் வரும்போது காலடி மணலே இருக்காது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. எல்லாரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். அந்தச் செய்தியை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, உட்கார்ந்து என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கைப்பேசி. இதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மாவட்டவாரியாக அலை எச்சரிக்கை தருகிறது. எங்கள் மாவட்டத்துக்கு என்றால் 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று போட்டிருக்கும். சமுத்ரா செயலியிலும் பார்க்கலாம். நிறம் ஆரஞ்சோ சிவப்போ என்றால் அன்று கடற்கரைப் பயணமே வேண்டாம், திற்பரப்பு அருவிக்கோ பத்மநாபபுரம் அரண்மனைக்கோ போய்விடுங்கள். பிள்ளைகள் முகம் தூக்குவார்கள், தூக்கட்டும்.

அடுத்தது எண்ணுவது. ஓர் அலை உடைவதிலிருந்து அடுத்தது உடையும் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். பத்து அலைக்கு நேரம் குறித்துப் பத்தால் வகுத்தால் கணக்கு தெளிவாக வரும். பக்கத்துக் காற்றில் எழும் அலை ஐந்து முதல் எட்டு விநாடிக்கு ஒன்று என்று அவசரமாக வரும். இடைவெளி பதினைந்து விநாடியைத் தாண்டினால் அது வெகுதூரத்திலிருந்து வரும் அலை. உயரம் குறைவாகத் தெரிந்தாலும் அதன் பின்னால் தண்ணீர் நிறைய வரும். அன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மணலோடு சரி. கூடவே, ஈர மணல் எதுவரை ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். பை, செருப்பு, பாய் எல்லாம் அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கட்டும்.

மூன்றாவது நீவாடு. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கரையில் வந்து அடிக்கும் தண்ணீர் எங்கேயாவது ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும் இல்லையா? அது ஒடுங்கிய வாய்க்கால் மாதிரி வேகமாக உள்ளே ஓடும் இடம்தான் ஆளைக் கொல்லும் இடம். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல் கருத்து, சலனமில்லாமல் கிடக்கும். நுரையும் கலங்கிய மணலும் அந்த வழியாக உள்ளே போவது தெரியும். பார்க்க அதுதான் குளிக்க ஏற்ற இடம் போல இருக்கும், எல்லாரும் அங்கேயே இறங்குவார்கள். அப்பா இதற்கு ஒரு கதம்பையைத் தூக்கி எறிவார். தேங்காய் மட்டைதான். அது கரைக்குத் திரும்பி வந்தால் நல்லது. கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடினால் கவனம். உள்ளே போனால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். நானும் பையில் ஒரு கதம்பை வைத்திருக்கிறேன். எறிவது பிள்ளைகளின் வேலை. இருபது நிமிடம் சீக்கிரம் போவதற்கும் அது உதவுகிறது.

சில இடங்களில் கதம்பை எறியும் வேலையே இல்லை, நேராக வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பழையாறு கடலில் சேரும் மணக்குடி போன்ற பொழிமுகங்கள் அப்படிப்பட்டவை. மணல் திட்டு உடைந்திருந்தால் ஆற்று ஓட்டமும் கடல் ஓட்டமும் சேர்ந்து இழுக்கும். கடலுக்குள் நீட்டிக் கல் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளின் ஓரமும் அப்படித்தான், கல்லை ஒட்டியே நீரோட்டம் உள்ளே போகும். முட்டத்துப் பாறைகளில் ஈரமாக, பாசி படிந்து கருப்பாகத் தெரியும் பகுதி அலை வந்து போகிற பகுதி. காய்ந்த பாறைக்குக் கீழே கால் வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீவாடு இழுத்துவிட்டால்? என் அண்ணன் மகனுக்கு எட்டு வயதில் இது நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவன், மூச்சு விடுவதற்குள் முப்பது அடி தள்ளிப் போயிருந்தான். அவனைக் காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம்: கரையைப் பார்த்து நீந்தக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். நீவாடு ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டு போகும். அதை எதிர்த்து நீந்துபவர் களைத்துத்தான் மூழ்குகிறார். மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கி, ஒரு கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்குப் போய், அந்த அலையோடு கரை சேர வேண்டும். அவன் மிதந்துகொண்டே இருந்தான், வள்ளத்தில் வந்தவர்கள் தூக்கினார்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்கு மணலில் படம் வரைந்தே சொல்லிக்கொடுங்கள்.

கரையில் நிற்கும் பெரியவர்களுக்கு இதைவிடக் கடினமான விஷயம் ஒன்று உண்டு. யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர், மூன்று பேர் போன வீடுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன. மூடிய காலி தண்ணீர் கேன், கயிறு, பந்து, மிதப்பது எதுவானாலும் எறியுங்கள். அருகில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரக் காவல் குழும எண் 1093, கடலோரக் காவல் படை 1554, ஆம்புலன்ஸ் 108. ஒருவர் போன் செய்ய, இன்னொருவர் இழுபட்டவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கை காட்டிக்கொண்டே நிற்கட்டும். அலைக்கு நடுவே ஒரு தலையை ஒருமுறை தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். கத்திரி வெயிலில் பதினொன்று முதல் நாலு மணி வரை மணலில் இருக்காதீர்கள். கடல்காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் உடம்பு காய்வது தெரியாது. பிள்ளைகளுக்கு அரைமணிக்கு ஒருதரம் மோரோ உப்புச் சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்கள். மே மாதப் பிற்பகலில் மலைப்பக்கம் கருத்து இடி கேட்டால் அந்த நிமிடமே எழுந்து கட்டடத்துக்கோ காருக்கோ போங்கள், தென்னை மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து வெளியே வரலாம். சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழையைக் குச்சியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்கவோ தலைகீழாகத் தூக்கவோ வேண்டாம். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து தடவை ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலுக்குள் போன உப்புத் தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை முட்ட வைக்கும். நீவாட்டில் சிக்கிய என் அண்ணன் மகனும் அன்று வீட்டுக்கு வந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். நள்ளிரவில் இருமல் நிற்காமல்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம், மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.