குரூகர் பூங்காவில் விலங்குகளைக் காண நாங்கள் கண்ட வழி

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் குடும்பத்துடன் நாங்களே கார் ஓட்டிச் சென்றபோது, இம்பாலா மான்களைத் தவிர வேறெதுவும் தென்படாமல் பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். தார்ச்சாலையில் மணிக்கு 50 கி.மீ., மண்சாலையில் 40 கி.மீ. வரை அனுமதி உண்டு என்றாலும், அந்த வேகத்தில் புதருக்குள் அசையாமல் நிற்கும் விலங்கைப் பிரித்தறிவது கடினம். ஆகவே வேகத்தை 20 கி.மீ. அளவுக்குக் குறைத்து, ஆளுக்கொரு சன்னலை ஒதுக்கி, புதரின் இடைவெளிகளில் நிழலையும் காதசைவையும் தேடச் சொன்னேன்.

இதைவிடப் பெரும்பலன் தந்தது காத்திருத்தல்தான். நாங்கள் சென்ற ஜூலை மாதம் அங்கே மழையற்ற குளிர்காலம். சிறு குட்டைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் நிலையான நீர்நிலைகளை நாடி வந்தே தீர வேண்டும். முகாமின் கதவு திறந்ததும் புறப்பட்டு, லோயர் சாபி முகாமுக்கு அருகிலுள்ள சன்செட் அணையின் கரையில் என்ஜினை அணைத்துவிட்டு அமர்ந்தோம். நீர்யானைகளும் முதலைகளும் அசையாமல் கிடக்க, இம்பாலாக்கள் அனைத்தும் திடீரென ஒரே திசையில் தலையைத் திருப்பிச் சீறியதை என் மகள்தான் முதலில் கவனித்தாள். சற்று நேரத்தில் அத்திசையிலிருந்தே ஒரு சிறுத்தை நீர் அருந்த இறங்கி வந்தது. எத்தனை ஆவல் எழுந்தாலும், அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. யானை எதிர்ப்பட்டால் பின்னோக்கி நகர்வதற்குப் போதிய இடம் விட்டே நிற்க வேண்டும்.